லட்லோ ஒரு நாள் பயணம்: பழைய சந்தை ஊரை எப்படிப் பார்ப்பது?

செங்காட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். பர்மிங்காமில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். லண்டன், ஸ்ட்ராட்ஃபோர்ட் எல்லாம் காட்டியாகிவிட்டது. அப்பா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் பிடிக்காது, கட்டடம் பிடிக்கும். எங்கே போனாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பார். "ராஜா ராணி வீடெல்லாம் போதும்ப்பா, சாதாரண ஜனங்க இருந்த ஊர் ஒண்ணு காட்டு" என்கிறார். அலுவலகத்தில் ஒருவர் ஷ்ராப்ஷயரில் லட்லோ என்று ஒரு பழைய சந்தை ஊரைச் சொன்னார். படங்களில் பார்த்தேன், கறுப்பு வெள்ளையில் கட்டம் கட்டமாக மரவீடுகள். அழகுதான். ஆனால் இதெல்லாம் நிஜமாகவே பழசா, சுற்றுலாவுக்காகப் பழசு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்களா? ஒரு சனிக்கிழமை போதுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

சும்மா ஒருவன்:
போகலாம், டீ குடிக்கலாம், ஸ்கோன் சாப்பிடலாம், வரலாம். பொம்மை ஊர். கலைப்பொருள் கடை, பாலாடைக்கட்டிக் கடை, ஓய்வு பெற்ற பணக்காரர்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் பெயின்டே விக்டோரியா காலத்து நாகரிகம் என்று எங்கோ படித்தேன். உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம்.

மரச்சட்டம்:
செங்காட்டான் தம்பி, சனிக்கிழமையே போங்கள், அன்று சந்தை உண்டு. சந்தை இல்லாத நாளில் லட்லோவைப் பார்ப்பது பாதி பார்ப்பதுதான். நான் பழைய மரக்கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு முதலில் ஊரின் வரைபடத்தைக் காட்டுங்கள். வீடுகளைவிடப் பழையது அந்தத் தெருக்களின் அமைப்பு. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி லேசி என்ற நார்மன் குடும்பம் டீம் ஆற்றுக்கு மேலே பாறை முனையில் கோட்டை கட்டத் தொடங்கியது. வேல்ஸ் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, காவல் வேண்டும். கோட்டையில் இருப்பவர்களுக்குச் சோறு வேண்டும், சோற்றுக்குப் பணம் வேண்டும், பணத்துக்குச் சந்தை வேண்டும். ஆகவே கோட்டை வாசலிலிருந்து கிழக்கே புல் ரிங் என்ற இடம் வரை, மேட்டின் முதுகு நெடுக, ஓர் அகன்ற சந்தைத் தெரு போட்டார்கள். அதிலிருந்து தெற்கே ஆற்றை நோக்கிச் சரிவில் நேராக இறங்கும் தெருக்கள்: மில் ஸ்ட்ரீட், பிராட் ஸ்ட்ரீட். 12ஆம் நூற்றாண்டிலேயே அளந்து போட்டவை. தெருவை ஒட்டி ஒடுங்கி நீண்ட மனைகள். முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் பட்டறை, தோட்டம், பன்றிக் கொட்டில். அந்த மனை எல்லைகள் பல இடங்களில் இன்றும் மாறவில்லை. ஜெர்மனியில் பிறந்து இங்கே குடியேறிய கொன்சன் என்ற புவியியல் அறிஞர், ஊர்களின் வரைபடத்தை வைத்தே அவற்றின் வரலாற்றைப் படிக்கும் முறையை வளர்த்தவர். அவர் உட்கார்ந்து ஆராய்ந்த ஊர்களில் லட்லோவும் ஒன்று.

இனி கோட்டை வாசலில் முதுகு காட்டி நின்று கிழக்கே பாருங்கள். சதுக்கம் கொஞ்ச தூரம் போய்ச் சட்டென்று அடைபட்டு, சின்னச் சின்ன முடுக்குகளாகப் பிரியும். முதலில் போட்ட திட்டத்தில் இது கிடையாது. சந்தைக்கு வந்தவர்கள் கடை விரித்தார்கள். சாயங்காலம் பிரிக்க வேண்டிய கடையைப் பிரிக்கவில்லை. அப்புறம் அதற்கொரு கூரை, கூரைக்கு மேல் ஒரு மாடி. நடுத்தெருவிலேயே வரிசை வரிசையாக வீடு எழும்பிவிட்டது. ஹார்ப் லேன், மார்க்கெட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட் என்பதெல்லாம் அந்த வரிசைகளுக்கு நடுவே மிஞ்சிய நடைவழிகள். உங்கள் அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊரின் நடுப்பகுதி முழுக்க ஆக்கிரமிப்பு. 700 வருஷம் யாரும் காலி செய்யவில்லை. இப்போது சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்கள்.

செயின்ட் லாரன்ஸ் தேவாலயம் இதனால்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஊருக்குள் வரும்போது எந்தப் பக்கமிருந்தும் அதன் கோபுரம் தெரியும். கிட்டே போய்த் தேடினால் இந்த வரிசை வீடுகள் மறைத்துவிடும், ஒரு சந்துக்குள் நுழைந்துதான் வாசலைப் பிடிக்க வேண்டும்.

பெயின்ட் விஷயம்: 'சும்மா ஒருவன்' சொன்னதில் பாதி சரி. மரத்தில் கறுப்பு பூசுவது பெரும்பாலும் பிற்கால வழக்கம். பல வீடுகளில் ஓக் மரம் பூச்சில்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்தது, அல்லது மரத்துக்கும் சுவருக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். பூச்சு புதிது என்பதால் மரம் புதிதாகிவிடாது.

வடமராட்சியான்:
நான் கனகாலமா ஹியர்ஃபோர்ட் பக்கம் இருக்கிறன். லட்லோவுக்கு மாசத்தில ஒருக்காவாவது போறது. பொம்மை ஊர் எண்டு சொல்ற தம்பி ஒரு சனிக்கிழமை காலமை போய்ப் பாக்கோணும். மரக்கறி, மீன், இறைச்சி, பாண், பூக்கண்டு, பழைய சாமான், எல்லாம் கோட்டைக்கு முன்னால விரிச்சு வச்சிருப்பினம். பத்தாயிரம் சொச்சம் சனம் உள்ள ஊர், ஆனா சுத்துப்பட்டுக் கிராமத்து ஆக்கள் எல்லாம் இஞ்சதான் வருவினம். நாட்டு ஆட்டிறைச்சிக்கு நான் அங்கதான் போறனான்.

தம்பி, அப்பாவைப் பிராட் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மேல் முனையில பட்டர் குரொஸ் எண்டு கல்லுக் கட்டடம், தூணுக்குக் கீழ முந்தி வெண்ணெய் வித்தவை. அதில நிண்டு கீழ பாத்தா தெரு சரிவா இறங்கிப் பிராட் கேட் வரைக்கும் போகும். அது ஊர் மதில் வாசல். ஏழு வாசல் இருந்ததில அது ஒண்டுதான் மிச்சம். அதுக்கு மேல ஒரு வீடு இருக்கு, கீழால கார் போய்வரும். இங்கிலாந்தில இதை விட வடிவான தெரு இல்லையெண்டு கனபேர் சொல்லுவினம். நானும் அதே கட்சிதான்.

சும்மா ஒருவன்:
பிராட் ஸ்ட்ரீட் நானும் பார்த்தேன். பாதிக்கு மேல் 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் வீடுகள். 'இடைக்கால ஊர்' என்று விளம்பரப் பலகை. எது உண்மை?

மரச்சட்டம்:
நல்ல கேள்வி. லட்லோவின் சுவாரசியமே அதில்தான் இருக்கிறது.

அந்தச் செங்கல் முகப்புகளில் பல, வெறும் முகப்புகள். பின்னால் 15ஆம், 16ஆம் நூற்றாண்டு மரச்சட்டம் அப்படியே நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் வழக்கறிஞர்களும் வியாபாரிகளும் குளிர்காலத்தில் ஊருக்குள் வந்து தங்கும் நிலக்கிழார்களும் நாகரிகமான வீடு கேட்டார்கள். நேர்கோட்டில் மேலே கீழே இழுக்கும் ஜன்னல்கள், இரு பக்கமும் சமமாக அமைந்த வாசல், செங்கல். பழைய வீட்டை இடித்துக் கட்டினால் செலவு. முன்பக்கம் மட்டும் ஒரு செங்கல் தோல் போர்த்திவிட்டால் விஷயம் முடிந்தது.

கண்டுபிடிப்பது எப்படி? கூரையைப் பாருங்கள். முகப்பு 1750 போல இருக்கும், கூரை மட்டும் செங்குத்தாக ஏறும். அந்தச் சரிவு செங்கல் வீட்டுக்கு உரியதல்ல. ஜன்னல் வரிசை தளத்தோடு பொருந்தாமல் கொஞ்சம் மேலே கீழே இருக்கும், உள்ளே பழைய தளங்கள் முகப்புக்கு வளைந்து கொடுக்காததால். புகைபோக்கி வீட்டின் ஓரத்தில் வராமல் நடுவில் எழும். எல்லாவற்றையும்விட எளிய வழி: பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து பக்கச் சுவரைப் பாருங்கள். தெருவுக்குச் செங்கலைக் காட்டிய வீடு, சந்துக்குள் மரச்சட்டத்தோடு நிற்கும். பக்கவாட்டுக்கு யாரும் பணம் செலவழிப்பதில்லை.

அடைத்து வைத்த ஜன்னல்களைக் காட்டி "ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தார்கள்" என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வரி இருந்தது உண்மை, 1696 முதல் 1851 வரை. ஆனால் அடைபட்ட ஜன்னல் எல்லாம் வரியால் வந்ததல்ல. முகப்பு சமமாகத் தெரிய வேண்டும், அதன் பின்னாலோ புகைபோக்கி அல்லது குறுக்குச் சுவர். அப்படிப்பட்ட இடத்தில் முதலிலிருந்தே பொய் ஜன்னலாகக் கட்டியவை நிறைய.

மில் ஸ்ட்ரீட்டில் கில்டு ஹாலை, அதாவது பழைய சங்கக் கூடத்தை, தவறவிடாதீர்கள். எனக்கு அந்த ஊரிலேயே பிடித்த வேடிக்கை அது. முன்பக்கம் கூர் வளைவோடு 'கோதிக்' அலங்காரம். பார்த்தவுடன் இடைக்காலம் என்று தோன்றும். செய்தது 1768இல். செய்தவர் பிரிச்சர்ட் என்ற ஷ்ரூஸ்பரிக் கட்டடக் கலைஞர், பிற்பாடு உலகின் முதல் பெரிய இரும்புப் பாலத்துக்கு வடிவம் கொடுத்த அதே ஆள். அந்தப் பொய் இடைக்கால முகப்புக்குப் பின்னால் இருப்பது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நிஜமான இடைக்கால மரக்கூடம்! நிஜத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு போலி. இதில் எது உண்மை என்று நீங்களே சொல்லுங்கள், 'சும்மா ஒருவன்'.

சும்மா ஒருவன்:
:) சரி, பிரிச்சர்டுக்காக ஒரு தடவை போகலாம்.

செங்காட்டான்:
மரச்சட்டம் அண்ணா, இதைத்தான் தேடினேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்கச் சொன்னது: மரச்சட்ட வீட்டில் ஆணி உண்டா? மரத்துக்கு நடுவில் என்ன வைத்து அடைத்திருக்கிறார்கள்? 400, 500 வருஷம் மழையில் மரம் எப்படி நின்றது?

மரச்சட்டம்:
அப்பாவுக்கு என் வணக்கம்.

முக்கிய இணைப்புகளில் இரும்பு ஆணி இல்லை. ஒரு மரத்தில் நாக்கு, இன்னொன்றில் துளை, இரண்டையும் ஊடுருவி ஓக் முளை. மரத்தைக் காயவைக்காமல் பச்சையாகவே செதுக்கிக் கோத்தார்கள். பச்சை ஓக் உளிக்கு இடம் கொடுக்கும், காய்ந்த ஓக் இரும்பு மாதிரி. கட்டிய பிறகு காயும்போது மரம் சுருங்கி இணைப்பை இறுக்கும். வீடு கொஞ்சம் கோணும், சட்டம் முறுக்கும். அந்தக் கோணலைப் பார்த்து 'விழப்போகிறது' என்று பயப்பட வேண்டாம். முதல் சில பத்தாண்டுகளில் வந்த கோணலாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சட்டங்களைப் பட்டறையில் தரையில் கிடத்திக் கோத்துப் பார்த்து, பிரித்து, வண்டியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எது எதோடு சேரும் என்று தெரிய உளியால் ரோமன் எண் மாதிரிக் கீறல் போட்டிருப்பார்கள். இணைப்புக்குப் பக்கத்தில் கூர்ந்து பார்த்தால் பல வீடுகளில் இன்றும் தெரியும். தச்சர்களின் பெயர் அநேகமாகத் தெரியாது, கீறல் மட்டும் மிச்சம்.

நடுவில் வரிச்சுச் சுவர். பிளந்த குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்புப் பூச்சு. மரம் நிலைத்ததற்கு இதுதான் காரணம். சுண்ணாம்பும் மண்ணும் ஈரத்தை வாங்கித் திரும்ப வெளியே விடும். கடந்த நூற்றாண்டில் நல்ல எண்ணத்தோடு சிமென்ட் பூசினார்கள். விரிசல் வழியே நீர் உள்ளே போனது, சிமென்ட் அதை வெளியே விடவில்லை, மரம் உள்ளிருந்து மக்கியது. 500 ஆண்டு மழை செய்யாததைச் சில பத்தாண்டு சிமென்ட் செய்துவிட்டது. எங்கள் வேலையில் பாதி சிமென்டைச் சுரண்டி எடுப்பதுதான். அப்பா தட்டிப் பார்க்கிற சுவரில் 'டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்டால் பூச்சு மரத்தைவிட்டுக் கழன்றிருக்கிறது என்று சந்தேகப்படலாம். தட்டும்போது வீட்டுக்காரர் பார்க்காமல் இருக்கட்டும்.

வயதைக் கண்டுபிடிக்க உத்திரத்தில் பென்சில் தடிமனில் துளையிட்டு மரத்தின் வளைய வரிசையை எடுப்பார்கள். பட்டை ஒட்டியிருக்கும் மாதிரி கிடைத்தால் எந்த ஆண்டு வெட்டிய மரம் என்றே சொல்லிவிடலாம். காயவைக்காமல் கட்டினார்கள் என்பதால் வெட்டிய ஆண்டுதான் ஏறக்குறைய கட்டிய ஆண்டும். பிராட் ஸ்ட்ரீட் மூலையில் இருக்கும் பெரிய துணிக்கடைக் கட்டடம் 1400களின் முதல் சில ஆண்டுகளைச் சேர்ந்தது. தெருவுக்கு மேல் மாடியை முன்னால் தள்ளிக் கட்டியிருப்பார்கள், அதன் கீழே மழைக்கு ஒதுங்கலாம். இன்றும் அங்கே கடைதான் நடக்கிறது.

பகட்டான மரவேலை பார்க்க வேண்டுமென்றால் புல் ரிங் தாண்டி ஃபெதர்ஸ் ஹோட்டல். 1619இல் ரீஸ் ஜோன்ஸ் என்ற வழக்கறிஞர் தன் வீட்டுக்காக எடுத்த முகப்பு. கதவின் பூட்டுத் தகட்டில் அவருக்கும் மனைவி இசபெல்லுக்கும் உரிய எழுத்துகள் இருக்கின்றன. அந்தச் சட்டங்களில் பல பாரம் தாங்கவே இல்லை, பணம் இருக்கிறது என்று காட்டுகின்றன. ஓக் மரத்தைத் தேவைக்கு மேல் செலவழிப்பதுதான் அந்தக் காலத்து ஆடம்பரம். மாடியில் உள்ள பால்கனி பிற்காலச் சேர்க்கை. எனக்குச் சாதாரண வீடுகள்தான் மேல், ஆனால் எல்லோரும் படம் எடுப்பது இதைத்தான்.

நளாயினி:
கட்டடக்காரர்கள் பேச்சுக்கு நடுவில் நான் தேவாலயத்துக்குள் கூட்டிப் போகிறேன். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர்கள் அசையாமல் பார்த்த ஒரே இடம் பாடகர் இருக்கைகள். தூக்கி மடக்கும் பலகை இருக்கைகள். நீண்ட பிரார்த்தனையில் நின்றே ஆக வேண்டிய குருமார், பலகையை மடக்கிவிட்டு அதன் அடியில் உள்ள சின்ன விளிம்பில் நைசாகச் சாய்ந்துகொள்ளலாம். அந்த விளிம்பின் கீழே செதுக்கல்கள். மொத்தம் 28. புனிதர்களை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கடற்கன்னி, வாத்துக்களுக்குப் பிரசங்கம் செய்யும் நரி, குளிரில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து காயும் ஆள்.

அவற்றில் ஒன்று சந்தை ஊருக்கே உரியது. அளவில் ஏமாற்றிய பீர்க்காரி ஒருத்தியைப் பேய்கள் நரகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகின்றன. அவள் கையில் அந்தக் கள்ள அளவைக் குவளை. என் வகுப்புப் பையன் ஒருவன் "மிஸ், ஆம்பளை வியாபாரி யாரும் ஏமாத்தலையா?" என்று கேட்டான். அப்போது பீர் காய்ச்சி விற்றவர்களில் பெண்கள் நிறைய, அளவு மோசடிக்கு அபராதமும் அடிக்கடி. ஆனாலும் அவன் கேட்டது நியாயமான கேள்விதான்.

கிழக்குப் பக்கச் சிற்றாலயத்தில் பாமர்ஸ் கில்டின் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, 15ஆம் நூற்றாண்டு. பனை ஓலையோடு எருசலேமிலிருந்து திரும்பும் யாத்திரிகர்கள்தான் 'பாமர்ஸ்'. இந்தச் சங்கத்துக்கு ஊரில் ஏராளமான வீடுகள் சொந்தம். வாடகைப் பணத்தில் குருமார், பள்ளி, ஏழை விடுதி எல்லாம் நடத்தினார்கள். 1550களின் தொடக்கத்தில் சங்கத்தைக் கலைத்தபோது சொத்து நகராட்சிக்குப் போனது. வாடகைக் கணக்குகளும் பத்திரங்களும் தப்பித்தன. எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று வீடு வீடாக இன்று சொல்ல முடிவது அதனால்தான். கணக்குப்பிள்ளைகளுக்கு நன்றி.

அரச குடும்பம் வேண்டாம் என்று அப்பா சொன்னாலும் ஒரு வரி: ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502 ஏப்ரல் 2 அன்று, 15 வயதில், லட்லோ கோட்டையில் இறந்தான். தம்பி எட்டாம் ஹென்றி அரசனாகி அண்ணன் மனைவி கேத்தரினை மணந்தான். பிறகு அந்த மணத்தை ரத்து செய்யப் போய் ரோமோடு உறவே முறிந்தது. இந்தக் கோட்டையில் வந்த ஒரு காய்ச்சலுக்கு அவ்வளவு நீளமான வால்.

கயத்தாறு:
மன்னிக்கவும், ஒரு கேள்வி. கோட்டைக்குள் போக நுழைவுச்சீட்டு வாங்குவீர்கள் இல்லையா? அந்தக் கோட்டை யாருடையது என்று இந்த இழையில் யாருமே சொல்லவில்லை.

1811இல் அதை முடியாட்சியிடமிருந்து விலைக்கு வாங்கியவர் போவிஸ் பிரபு. அவருடைய முந்தைய பெயர் எட்வர்ட் கிளைவ். ராபர்ட் கிளைவின் மூத்த மகன். 1774 முதல் 1794 வரை லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்தவர் இவர். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டபோதும் இவரே. அதே ஆண்டில் ஆற்காட்டு நவாபின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டபோதும் இவரே. அப்பன் பெயர் வாங்கியது 1751இல் ஆற்காட்டு முற்றுகையில், பணம் வாங்கியது வங்காளத்தில். அந்தப் பணத்தில் லட்லோவுக்கு வெளியே ஓக்லி பார்க் என்ற பண்ணையை 1771இல் வாங்கினார்கள். கோட்டை இன்றும் அந்த வாரிசுகளின் எஸ்டேட்டுக்குச் சொந்தம்.

நான் போகக் கூடாது என்று சொல்லவில்லை. அழகான தெரு, அழகான ஜன்னல் என்று 'மரபு' பேசும்போது இதையும் அதே மூச்சில் பேச வேண்டும்.

வடமராட்சியான்:
உண்மைதான். எனக்கு உது தெரியாது. இவ்வளவு காலம் காசு குடுத்து உள்ளுக்குப் போய் வந்திருக்கிறன்.

சும்மா ஒருவன்:
அப்படிப் பார்த்தால் இங்கிலாந்தில் எந்தப் பழைய கட்டடத்துக்கும் போக முடியாது.

கயத்தாறு:
"போக முடியாது" என்று யார் சொன்னது? எந்தக் கட்டடத்துக்கும் எங்கிருந்து பணம் வந்தது என்று கேட்கலாம். செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது என்று கேட்கிறோமே, அந்த மாதிரி.

மரச்சட்டம்:
கயத்தாறு சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் கணக்கைச் சரியாகப் பிரிப்போம்.

கோட்டையைக் கட்டியது கிளைவ் பணம் இல்லை. வேல்ஸையும் அதன் எல்லைப் பகுதிகளையும் ஆண்ட கவுன்சில் இங்கிருந்துதான் இயங்கியது. வழக்கு, விசாரணை, மனுதாரர் கூட்டம், சத்திரம், வழக்கறிஞர்கள் என்று ஊரே அதை நம்பி வாழ்ந்தது. 1689இல் கவுன்சிலைக் கலைத்தார்கள், கோட்டை பாழாயிற்று, ஈயக் கூரை போனது. எட்வர்ட் கிளைவ் வாங்கியது ஒரு இடிபாட்டை. அதற்கு முன்பே அவர் மனைவி ஹென்றியேட்டாவின் பிறந்த வீட்டார், அப்போது போவிஸ் பிரபுக்களாக இருந்தவர்கள், 1770களில் குத்தகைக்கு எடுத்துச் சுற்றிலும் நடைபாதை போட்டிருந்தார்கள். இடிபாட்டை ரசிப்பது அப்போது நாகரிகமாகிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு ஊரின் நாடாளுமன்ற இடம் ஒரு குடும்பத்தின் பைக்குள் போனதில் இந்தியப் பணத்துக்குப் பங்கு உண்டு. பண்ணை, குத்தகைக்காரர், வாக்கு எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருபவை. ஒரு சிறு ஊரின் உறுப்பினராக இருந்தவர் ஐயாயிரம் மைல் தள்ளிச் சென்னை ஆளுநராக உட்கார்ந்ததை அவர் காலத்தில் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் பார்க்க விரும்புகிறவர்கள் வெல்ஷ்பூல் பக்கத்தில் போவிஸ் கோட்டைக்குப் போகலாம். அங்கே கிளைவ் குடும்பம் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பொருள்கள், திப்புவின் கூடாரமும் அவர் சிம்மாசனத்தின் புலித்தலை ஒன்றும் உட்பட. ஹென்றியேட்டா 1800இல் மகள்களோடு மைசூர், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றி வந்தவர். லட்லோவில் கோட்டைக்குப் பணம் கொடுக்க மனமில்லை என்றால் வெளிச்சுவரைச் சுற்றி நடந்தாலே போதும், அதற்குச் சீட்டு இல்லை. உள்ளே போனால் வட்ட வடிவ நார்மன் சிற்றாலயத்தைப் பாருங்கள், 12ஆம் நூற்றாண்டு. அந்த வடிவம் இங்கிலாந்தில் மிக அரிது.

பாறைப்பித்தன்:
எல்லோரும் 900 வருஷம் 500 வருஷம் என்று சண்டை போடுகிறீர்கள். லட்லோ என்பது உலகக் காலக்கணக்கில் ஒரு யுகத்தின் பெயர், தெரியுமா? சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, சிலூரியன் காலத்தின் ஒரு பகுதிக்கு உலகம் முழுவதும் புவியியலாளர்கள் இந்த ஊரின் பெயரைத்தான் சொல்கிறார்கள். ராடெரிக் மர்ச்சிசன் என்ற புவியியலாளர் 1830களில் இந்தப் பக்கத்துப் பாறைகளை வைத்துத்தான் சிலூரியனை வகுத்தார்.

பிராட் கேட் தாண்டி இறங்கி லட்ஃபர்ட் பாலத்தைக் கடந்தால் சாலை முனையில் ஒரு பாறைமுகம். அதில் 'எலும்புப் படுகை' என்று ஒரு மெல்லிய அடுக்கு, பூராவும் ஆதி மீன்களின் செதில், முள், துணுக்கு. அங்கே எடுத்த பாறையைக் கரைத்துப் பார்த்ததில் சிலந்திக்கு உறவான மிகச் சிறிய உயிர்களின் துண்டுகள் கிடைத்தன, நிலத்தில் வாழ்ந்த மிகப் பழைய விலங்குகளில் சில. தயவுசெய்து சுத்தியல் வேண்டாம், பாதுகாக்கப்பட்ட இடம். கண்ணால் பாருங்கள்.

கோட்டைச் சுவரும் அந்தச் சிலூரியன் கல்தான், காலடியிலேயே வெட்டி எடுத்தது. அடுக்கடுக்காக உடையும், நுண்ணிய செதுக்கலுக்கு ஆகாது. அதனால்தான் வாசல், ஜன்னல் ஓரங்களுக்குச் செதுக்க எளிதான மணற்கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். செங்காட்டானின் அப்பா இரண்டு கல்லையும் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வடமராட்சியான்:
சந்தை பற்றி ஒரு விசயம் விட்டிட்டன். உந்தச் சதுக்கம் எப்பவும் வெளியா இருந்ததில்லை. விக்டோரியா காலத்தில கட்டின சிவப்புச் செங்கல் நகர மண்டபம் ஒண்டு நடுவில நிண்டது. உள்ளுக்குச் சந்தை. 1986இல இடிச்சுப் போட்டினம். வடிவில்லாத கட்டடம் எண்டு கனபேர் சொன்னவை. என்ர பக்கத்து வீட்டுக் கிழவி இண்டைக்கும் அதுக்குத் திட்டுவா: "மழைக்குள்ள நிண்டு மரக்கறி வாங்கிறது உங்களுக்கு வடிவோ?" எண்டு.

நளாயினி:
படத்தில் பார்த்திருக்கிறேன். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 500 கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கிற ஊர், இந்த ஒன்றை மட்டும் கடப்பாரையால் தீர்த்தது நெருடுகிறது.

மரச்சட்டம்:
இதில் நான் இடித்தவர்கள் பக்கம், என் தொழிலுக்கு விரோதமாக. அது நின்றவரை கோட்டை வாசலுக்கும் ஊருக்கும் நடுவே பார்வை அடைபட்டிருந்தது. இன்று கிடைக்கும் திறந்த சதுக்கம் 12ஆம் நூற்றாண்டுத் திட்டத்துக்குக் கொஞ்சமாவது நெருங்கி வருகிறது. மழையில் நனைவது நிஜம்தான்.

கயத்தாறு:
அதாவது 700 வருஷ ஆக்கிரமிப்பு என்றால் மரபு, 100 வருஷ ஆக்கிரமிப்பு என்றால் இடையூறு. அப்படித்தானே மரச்சட்டம்?

மரச்சட்டம்:
:) நியாயமான அடி. அந்த மண்டபம் இன்னும் ஓர் ஐம்பது வருஷம் நின்றிருந்தால் நானே அதைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைந்திருப்பேன்.

சும்மா ஒருவன்:
புதுக் கட்டடம் ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையம் பக்கத்தில் டெஸ்கோ. பின்னால் இருக்கும் மலைகளின் வளைவைப் பின்பற்றி வளைந்த கூரை. பொய் மரச்சட்டம் ஒட்டாமல் புதிதைப் புதிதாகவே கட்டியிருக்கிறார்கள். அந்த ஊரில் எனக்கு நேர்மையாகப் பட்ட கட்டடம் அது.

மரச்சட்டம்:
இதில் உங்களோடு முழு உடன்பாடு. ஆச்சரியம்தான்.

செங்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. வரும் சனிக்கிழமை போகிறோம். அப்பா வரைபடத்தை அச்செடுத்து மனை எல்லைகளைச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டிருக்கிறார். கயத்தாறு எழுதியதையும் படித்தார். உள்ளே போகலாமா வேண்டாமா என்று அங்கே போய் முடிவு செய்வாராம். கடைசியாக மூன்று கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் வலி, தேவாலயக் கோபுரம் ஏற முடியுமா? அம்மா சுத்த சைவம், சாப்பாடு கிடைக்குமா? ரயிலா, காரா?

வடமராட்சியான்:
தம்பி, கோபுரம் வேண்டாம். 200 படி, ஒடுக்கமான சுழல் படிக்கட்டு, ஏறிற ஆக்களும் இறங்கிற ஆக்களும் ஒண்டா மாட்டுப்பட்டா அப்பாவுக்குக் கஷ்டம். நீங்கள் ஏறுங்கோ, அவை கீழ நிண்டு அந்தப் பீர்க்காரியைப் பாக்கட்டும். பிராட் ஸ்ட்ரீட்டை மேலயிருந்து கீழ நடவுங்கோ, திரும்பி ஏறுறதுக்கு அவசரப்படாதேங்கோ, பாலத்தடியில ஆத்தைப் பாத்துக்கொண்டு கொஞ்சம் இருந்திட்டு வரலாம்.

சைவம் பிரச்சினை இல்லை. சந்தையில பாண், பழம், பாலாடைக்கட்டி வாங்கலாம். தேத்தண்ணிக் கடைகளில மரக்கறி சூப் இருக்கும், ஆனா எந்தத் தண்ணியில அவிச்சது எண்டு கேளுங்கோ, கோழிச் சாறு ஊத்துற இடங்களும் இருக்கு. புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ரயிலெண்டால் பர்மிங்காமில இருந்து ஷ்ரூஸ்பரி போய் மாறுங்கோ, இல்லாட்டி ஹியர்ஃபோர்ட் போய் மாறலாம். ஸ்டேஷனில இருந்து ஊர் நடக்கிற தூரம், ஆனா ஏத்தம். முழங்காலை நினைச்சால் கார்தான் சரி. சந்தை நாளில நடு ஊருக்குள்ள பார்க்கிங் தேடி அலையாதேங்கோ. காலமை வெள்ளெனப் போங்கோ, பத்து மணி தாண்டினால் இடம் கிடையாது.